கூட்டையும் வேலியையும் எழுதுதல்

குஞ்சுப் பறவைகளை மனிதர் முதலில் உற்றுப் பார்த்தது வயிற்றுக்காகத்தான். ஒல்லாந்திலும் அதை அண்டிய பிளெமிஷ் பகுதிகளிலும் 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் வீட்டுச் சுவர்களில் மண்குடங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். நமது மைனாவின் உறவினமான ஸ்ரார்லிங் பறவைகளும் ஊர்க்குருவிகளும் அவற்றினுள் கூடுகட்டும். குடத்தின் பின்புறம், சுவரோடு ஒட்டிய பக்கத்தில், கை நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும். குஞ்சுகள் கொழுத்து, பறக்கச் சில நாட்கள் இருக்கும்போது, அந்தத் துளையால் கையைவிட்டு எடுத்துச் சமைத்து விடுவார்கள். எத்தனையாவது நாளில் குஞ்சுக்குச் சதை பிடிக்கும், எப்போது இறகு முளைக்கும், எப்போது பறந்துவிடும் என்பதெல்லாம் அந்த வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அதுவும் ஓர் அறிவுதான்.

நமது ஊர்களிலும் விறாந்தைக் கூரையின் கீழ் சிறிய முட்டிகளைக் கட்டித் தொங்கவிடுகிற வழக்கம் இருந்தது. குருவி கூடுகட்டினால் வீட்டுக்கு நல்லது என்பது நம்பிக்கை. அந்த முட்டிகளுக்குப் பின்துளை கிடையாது. அந்தக் குருவிக்கு நமது சனங்கள் வைத்த பெயர் அடைக்கலக்குருவி. அடைக்கலம் என்ற சொல்லை ஒரு பறவைக்குக் கொடுத்து வைத்திருந்த சமூகம், பிற்காலத்தில் அதே சொல்லை டொச்சிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நோர்வேஜிய மொழியிலும் விண்ணப்பப் படிவங்களில் எழுத வேண்டி வந்தது. இதில் நாம் பெருமைப்படவோ அழவோ எதுவுமில்லை. ஆனால், கூட்டைப் பார்ப்பதென்பது யார் பார்க்கிறார்கள், எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்பதை இந்த இரண்டு மண்பாத்திரங்களும் சொல்லி விடுகின்றன. இக்கட்டுரை அந்தப் பார்வையின் வரலாற்றைப் பற்றியது.

*

ஐரோப்பாவில் பறவைக்கு வீடு வைத்துக் கொடுக்கிற வழக்கத்தைப் பெரிய அளவில் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜேர்மனியின் தூரிங்கன் பகுதியில், ஸேபாக் என்ற இடத்தில் வாழ்ந்த பெர்லெப்ஷ் பிரபு. 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், மரங்கொத்தி குடைந்த பொந்தை அப்படியே அளவெடுத்து, மரக்கட்டைகளைக் குடைந்து கூட்டுப்பெட்டிகள் செய்வித்தார். அன்று இங்கே காடுகள் விறகுக்கும் பலகைக்கும் என்று ஒரே வரிசையில் நடப்பட்ட தோட்டங்களாக மாறியிருந்தன. பொந்துள்ள கிழட்டு மரங்கள் வெட்டப்பட்டு விட்டன. பொந்தில் வாழும் பறவை போனால் இலையைத் தின்னும் புழு பெருகும். புழு பெருகினால் மரத்தின் சொந்தக்காரருக்கு நட்டம். எனவே பறவைக்கு வீடு தேவைப்பட்டது. குடத்திலிருந்து பெட்டிக்கு வந்தபோது குஞ்சு உணவு என்ற நிலையிலிருந்து கூலியில்லாத வேலையாள் என்ற நிலைக்கு உயர்ந்தது என்று சொல்லலாம். குசினிகளில் வேலை செய்கிற எங்களுக்கு இந்த வகைப் பதவி உயர்வு புரியாத ஒன்றல்ல.

பறவையை அதற்காகவே பார்க்கிற பழக்கம் பிந்தித்தான் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் பறவை அறிவு என்றால் துவக்கு. சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, அலுமாரியில் வைப்பதுதான் அந்தத் துறை. முட்டை சேகரிப்பது கனவான்களின் பொழுதுபோக்கு. எட்மண்ட் ஸெலூஸ் என்ற ஆங்கிலேயர் 1901இல், பறவை பார்த்தல் என்று பொருள்படும் இரண்டே சொற்களைத் தலைப்பாக வைத்து ஒரு நூலை வெளியிட்டார். சட்டம் படித்தவர். அவருடைய தமையன் ஆபிரிக்காவில் யானையும் சிங்கமும் சுட்டுப் பெயர்பெற்ற வேட்டைக்காரர். தம்பியோ, கொல்லாமல், தொடாமல், ஓரிடத்தில் அசையாமல் இருந்து, கண்ணில் பட்டதைப் பட்ட நேரத்தோடு எழுதவேண்டும் என்று வாதாடினார்.

அவருக்குப் பின்னர் வந்தவர்களில் பலர் பல்கலைக்கழகக் கதிரைகளில் இருந்தவர்களல்ல. பறவைகள் வசந்தகாலத்தில் பாடுவது ஒரு துண்டு நிலத்தைத் தமது என்று சொல்வதற்காகவும்தான் என்பதை 1920இல் ஒரு நூலாக எழுதி நிறுவிய எலியட் ஹவர்ட், இங்கிலாந்தின் வூஸ்ரர் பகுதியில் உருக்குத் தொழில் நிர்வாகத்தில் இருந்தவர். மார்கரெட் மோர்ஸ் நைஸ் என்ற அமெரிக்கப் பெண் இன்னும் ஒரு படி மேலே போனார். கலியாணத்தோடு முனைவர் பட்டப் படிப்பை விட்டவர். ஐந்து பெண்பிள்ளைகளின் தாய். ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் தமது வீட்டை ஒட்டிய ஆற்றங்கரைப் பற்றைகளில் இருந்த பாட்டுக் குருவிகளின் கால்களில் நிற வளையங்களைப் போட்டார். அதன்பின் ஒவ்வொரு குருவியும் அவருக்குத் தனித்தனி ஆளாகிவிட்டது. 1928இலிருந்து எட்டு வருடங்கள் பார்த்தார். எது எந்தப் புதருக்குச் சொந்தக்காரன், எது எதனோடு சோடி சேர்ந்தது, எத்தனை குஞ்சு பொரித்தது, எத்தனை தப்பியது என்பது எல்லாம் அவருடைய குறிப்பில் இருந்தது. அவ்வளவு நீளமான ஆய்வை அமெரிக்கச் சஞ்சிகைகள் போட விரும்பவில்லை. அதை டொச் மொழியில் பிரசுரிக்க முன்வந்தவர் பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் பறவைப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த எர்வின் ஸ்ரெசமான். அது 1933, 1934ஆம் ஆண்டுகளில் அவருடைய சஞ்சிகையில் வெளிவந்தது. இந்த ஸ்ரெசமான் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னர் அவர் வேறோர் இடத்தில் வருவார்.

*

இந்த நாட்டில் உணவுவிடுதிகளில் வேலை செய்கிற எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு பின்வளவு உண்டு. மத்தியானச் சமையல் முடிந்து, மாலைச் சமையல் தொடங்கும் வரை உள்ள இரண்டரை மணித்தியாலம் எங்களுக்குரியது. வீட்டுக்குப் போய்வர நேரம் காணாது. குப்பைத் தொட்டி, பழைய எண்ணெய்ப் பீப்பா, பியர்ப் பெட்டிகள், சுவர் முழுக்க ஏறிய ஐவிக் கொடி, இவைதான் எங்கள் தோட்டம். மார்ச் மாதக் கடைசியில் அங்கே ஒரு பறவை வந்து சேர்கிறது. ஆண் கரிபிடித்த சட்டி நிறம். பெண் சாம்பல் கலந்த மண்ணிறம். இரண்டுக்கும் வால் மட்டும் துருப்பிடித்த செம்பு. அந்த வால் ஒரு நொடியும் சும்மா இராது, நடுங்கிக்கொண்டேயிருக்கும். டொச்சில் இதற்கு ஹவுஸ்றோட்ஷ்வன்ஸ் என்று பெயர். வீட்டுச் செவ்வால் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். விடிய ஒரு மணித்தியாலம் முன்னரே கூரை முகட்டிலிருந்து பாடும். பாட்டின் நடுவே உடைந்த கண்ணாடியைக் கைக்குள் வைத்து நெரிப்பது போன்ற ஒரு சத்தம் வரும்.

இது ஆதியில் மலைப்பாறைகளின் பறவை. பாறையிடுக்கில் கூடுகட்டுவது அதன் வழக்கம். மனிதர் கல்லால் வீடு கட்டத் தொடங்கியபோது அதன் கண்ணுக்கு அது இன்னொரு பாறையாகத் தெரிந்தது. பெட்டிகள் அடுக்கிய கொட்டகையின் குறுக்குத்தடி மேலும் அதற்கு ஒரு பாறையிடுக்குத்தான். நாலிலிருந்து ஆறு வரை வெள்ளை முட்டைகள். ஏறக்குறைய இரண்டு கிழமை பெண் அடைகாக்கும். குஞ்சு பொரித்தால் இன்னும் இரண்டு கிழமை. முதல் நாட்களில் வாயைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. மஞ்சள் விளிம்பு வைத்த வாய்கள். தாயும் தகப்பனும் சிலந்தியும் புழுவும் கொண்டு மாறிமாறி வரும். பூனை வந்தால் இரண்டும் கூரையில் நின்று நாக்கைச் சொடுக்குவது போல விடாமல் சத்தமிடும். உள்ளே வாய்கள் உடனே மூடிக்கொள்ளும்.

ஒரு விடயத்தை இங்கே சொல்லிவைப்பது பயனுள்ளது. செவ்வாலின் குஞ்சுகள் நன்றாகப் பறக்கப் பழகுமுன்னரே கூட்டைவிட்டுக் குதித்து விடும். மே, ஜூன் மாதங்களில் பெட்டிகளின் பின்னாலோ பூச்சட்டியின் அடியிலோ வாலில்லாத ஒரு குஞ்சு தனியே குந்தியிருப்பதைக் காணலாம். அது அநாதை என்று எண்ணி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். அது அநாதையல்ல. தாயும் தகப்பனும் பக்கத்திலேயே இருந்து இன்னும் பத்து நாள் வரை உணவு கொடுக்கும். வீதியிலோ பூனையின் வாய்க்குக் கிட்டவோ இருந்தால் அருகிலுள்ள பற்றைக்குள் வைத்துவிட்டு நாம் விலகிப்போவதே உதவி. பாலும் பாணும் கொடுப்பது கொலை. இந்த நாட்டுச் சட்டப்படி குஞ்சு இருக்கும் கூட்டைக் கலைப்பது குற்றம். மார்ச் 1 முதல் செப்டெம்பர் 30 வரை வேலிகளையும் பற்றைகளையும் அடியோடு வெட்டவும் தடை இருக்கிறது. குறுக்குத்தடியின் கீழ் அடுக்கிய பெட்டிகளை ஒரு மாதத்துக்கு அசைக்க ஏலாது என்று முதலாளியிடம் சொல்ல எங்களுக்கு அந்தச் சட்டம் உதவியது. தங்களை வெளியேற்றாமல் இருக்க எந்தச் சட்டப் பிரிவு உதவும் என்று வருடக்கணக்கில் தேடியவர்களுக்கு, ஒரு பறவைக்கு அது இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது.

*

வீட்டுச் செவ்வாலுக்கு ஓர் உறவினம் உண்டு. தோட்டச் செவ்வால் என்று பெயர். முகம் கறுப்பு, நெற்றி வெள்ளை, நெஞ்சு செம்மஞ்சள், வால் அதே செம்பு. மரப்பொந்தில் கூடுகட்டி நீலநிற முட்டையிடும். குளிர்காலத்துக்கு சகாராவைத் தாண்டித் தெற்கே போய்விடும். இந்தப் பறவையைப் பற்றி மிக விரிவாக எழுதப்பட்ட நூல்களில் ஒன்று 1950இல் லண்டனில் வெளிவந்தது. அதற்கான அவதானிப்பின் பெரும்பகுதி நடந்த இடம் ஜேர்மனியின் சிறைமுகாம்கள்.

எழுதியவர் ஜோன் பக்ஸ்ரன். கவிஞர், இலக்கிய மாணவர். 1940இல் நோர்வேயில் நடந்த சண்டையில் பிடிபட்டார். அதன்பின் 1945 வரை ஐந்து வருடங்கள் கைதி. முதலில் பவேரியாவின் லௌபன், பிறகு வார்பூர்க், பிறகு மீண்டும் பவேரியாவில் ஐக்ஷ்ரெற். லௌபனில் முதல் கோடையிலேயே அவர் கண்ணில் தோட்டச் செவ்வால் குடும்பம் ஒன்று பட்டது. அதன்பின் ஒவ்வொரு வசந்தகாலத்திலும் முகாமுக்குள் வந்த செவ்வால்களைக் குறித்துவைத்தார். வார்பூர்க்கில் அவருக்கு மூன்று கூட்டாளிகள் சேர்ந்தார்கள். பீற்றர் கொண்டர், முகம் சிவந்து சிறகில் மஞ்சள் பட்டை கொண்ட ஷ்ரீக்லிற்ஸ் குருவிகளைப் பார்த்தார். ஜோன் பரெற், புக்பிங்க் என்கிற மரக்குருவியைப் பார்த்தார். ஜோர்ஜ் வோர்ட்டஸ்ரன், 1941இல் கிரேத்தாத் தீவில் பிடிபட்டவர், ஸ்கொட்லாந்தின் வடக்கே ஒரு தீவில் பறவை ஆய்வு நிலையம் அமைக்க முகாமுக்குள் இருந்தே திட்டம் வரைந்தார்.

1943ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை, ஐக்ஷ்ரெற்றில், பக்ஸ்ரன் ஒரே ஒரு செவ்வால் சோடியைத் தேர்ந்தெடுத்தார். தானும் பார்த்து, மற்றக் கைதிகளையும் முறைவைத்து இருத்திப் பார்ப்பித்தார். அந்த ஒரு சோடிக்கும் அதன் கூட்டுக்கும் அவர்கள் செலவிட்ட நேரம் 850 மணித்தியாலம். மூன்று மாதத்துக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் வரும். அதுவரை சுதந்திர மனிதர் எவரும் ஒரு சிறு பறவையின் கூட்டுக்கு அவ்வளவு நேரம் கொடுத்திருப்பார்களா என்பது ஐயமே.

அதே முகாமில் அதே நாட்களில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. கைதிகள் நிலத்தின் கீழே சுரங்கம் தோண்டினார்கள். அது வெளியே ஒரு கோழிக்கூட்டுக்குள் போய்த் திறந்தது. 1943 ஜூன் 3ஆம் திகதி இரவு 65 பேர் அதனூடாகத் தப்பினார்கள். அத்தனை பேரும் பிடிபட்டார்கள். தப்ப முயன்றவர்கள் வீரர்கள், குருவி பார்த்தவர்கள் கோழைகள் என்று கணக்குப் போடுகிறவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். நாம் அந்தக் கணக்கைப் போடவில்லை. சுரங்கம் தோண்டியவர்கள் தம் நேரத்தைத் தமதாக்கப் பார்த்தார்கள். கூட்டைப் பார்த்தவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

கைதிகளுக்கு நூல்கள் எங்கிருந்து கிடைத்தன என்ற கேள்வி வரும். பக்ஸ்ரன் பெர்லினுக்குக் கடிதம் எழுதினார். பதில் எழுதி, பறவையியல் கட்டுரைகளையும் அனுப்பி உதவியவர் அதே எர்வின் ஸ்ரெசமான். லண்டன் மீது ஜேர்மன் குண்டுகளும் பெர்லின் மீது பிரித்தானியக் குண்டுகளும் விழுந்துகொண்டிருந்த காலம் அது.

விடுதலையின் பின்னர் இவர்கள் சும்மா இருக்கவில்லை. நோயின் காரணமாக 1943இல் நாட்டுக்கு அனுப்பப்பட்ட வோர்ட்டஸ்ரன், 1947இல் அந்தத் தீவை, ஃபெயார் ஐல் என்று பெயர், விலைக்கே வாங்கினார். அடுத்த ஆண்டு ஆய்வு நிலையம் திறந்தது. கொண்டர், 1963 முதல் 1975 வரை பிரித்தானியாவின் மிகப் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கத்தை நடத்தினார். பக்ஸ்ரன் ஒக்ஸ்போர்ட்டில் இலக்கியம் கற்பித்தார்.

*

இதை ஒரு அழகான கதையாக இத்தோடு நிறுத்திவிடலாம். ஆனால் வரலாறு அப்படி நிறுத்த விடுவதில்லை.

முதலாவது விடயம், இவர்கள் எல்லோரும் அதிகாரிகள். 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி, பிடிபட்ட அதிகாரிகளைக் கட்டாய வேலை செய்விக்க முடியாது. செஞ்சிலுவைச் சங்கப் பொதிகளும் அவர்களுக்கு வந்தன. சாதாரணப் படைவீரர்கள் தோட்டங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். சோவியத் படைவீரர்களின் நிலைமையோ சொல்லுந்தரமன்று. ஜேர்மனியரிடம் பிடிபட்ட சுமார் 57 இலட்சம் பேரில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டினியாலும் குளிராலும் நோயாலும் துவக்குச் சூட்டாலும் இறந்தார்கள். அவர்களின் தலைக்கு மேலாலும் செவ்வால்கள் பறந்திருக்கும். பார்க்கிற தெம்பு அவர்களுக்கு இருக்கவில்லை. அவதானிப்பதற்கு அமைதியான மனம் வேண்டும் என்று நூல்கள் சொல்கின்றன. அதற்கு முன்னர் ஒரு துண்டுப் பாண் வேண்டும் என்பதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது விடயம் இன்னும் பாரமானது. குந்தர் நீற்ஹாமர் என்ற ஜேர்மன் பறவையியலாளர் இருந்தார். ஜேர்மனியின் பறவைகள் பற்றிய பெரும் கைநூலின் ஆசிரியர். போர்க்காலத்தில் ஆயுத எஸ்.எஸ். படையில் சேர்ந்து, 1940இல் அவுஷ்விற்ஸ் வதைமுகாமில் காவலாளாக நின்றார். முகாமின் தளபதி ருடொல்ப் ஹூஸ் அவரைக் காவல் கடமையிலிருந்து விடுவித்து, சுற்றுவட்டாரத்தின் பறவைகளை ஆராய அனுமதித்தார். நீற்ஹாமர் குளக்கரைகளிலும் வயல்களிலும் திரிந்து அவதானித்தவற்றை ஒரு கட்டுரையாக எழுதினார். அவுஷ்விற்ஸின் பறவையுலகம் பற்றிய அவதானிப்புகள் என்பது அதன் தலைப்பு. போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆண்டிதழில் அது வெளியாயிற்று. எந்தப் பறவை எங்கே கூடுகட்டியது என்று அதில் இருக்கிறது. தளபதிக்கு நன்றி இருக்கிறது. வேலிக்குள்ளே மனிதர் கொல்லப்பட்டதைப் பற்றி எதுவும் இல்லை. போருக்குப் பின் போலந்தில் விசாரிக்கப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சில ஆண்டுகளில் வெளியே வந்து, பொன் நகர அருங்காட்சியகத்தில் வேலை செய்து, 1968இல் ஜேர்மன் பறவையியலாளர் சங்கத்தின் தலைவருமானார்.

நீற்ஹாமரின் அவதானிப்புகள் பொய் என்று எவரும் சொல்லவில்லை. அவருக்கும் பொறுமை இருந்தது. அவரும் கூட்டின் முன்னால் அசையாமல் இருந்தவர்தான். எனவே, இயற்கையை நேசிப்பவன் நல்லவனாகத்தான் இருப்பான், ஒரு குஞ்சுக்கு இரங்குகிற மனம் மனிதருக்கும் இரங்கும் என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் இங்கே உடைந்து போகிறது. பக்ஸ்ரனின் நூலையும் நீற்ஹாமரின் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் தெரியும். பக்ஸ்ரன் தாம் ஒரு கைதி என்பதையும், முள்ளுக்கம்பிக்குள் இருந்தே பார்த்தோம் என்பதையும் நூலில் மறைக்கவில்லை. மற்றவரின் கட்டுரையில் வேலியே இல்லை. முகாமின் பெயர் இருக்கிறது, முகாம் இல்லை.

*

போரும் பறவையும் வேறொரு வகையிலும் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. வீட்டுச் செவ்வால் இங்கிலாந்தில் முன்னர் அரிதான பறவை. 1920களில்தான் அங்கே கூடுகட்டத் தொடங்கியது. 1940, 1941ஆம் ஆண்டுகளின் குண்டுவீச்சில் லண்டன் நகரின் நடுப்பகுதி இடிந்து கற்குவியலாகக் கிடந்தபோது அது பெருகியது. கூரையற்ற சுவர்கள் அதற்குப் பாறைகள். இடிபாடுகளில் முளைத்த களைகளில் பூச்சிகள் நிறைய. இதைச் சொல்லும்போது சிலர் அழிவிலிருந்து உயிர் துளிர்க்கிறது என்று கவிதையாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சுவர்களுக்குள் முன்னர் ஆட்கள் இருந்தார்கள் என்ற ஒரு வரியையும் சேர்த்தால்தான் அது வரலாறு.

நமது மண்ணுக்கும் இது பொருந்தும். சுண்டிக்குளம் கடனீரேரியில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக இறங்கும். 1938இல் அது பறவைகளின் சரணாலயமாக்கப்பட்டது. சரணாலயம் என்பதும் அடைக்கலம் என்பதும் ஒரே பொருள். 2009இன் முதல் மாதங்களில் போர் அந்தக் கரையை அண்டி நகர்ந்தது. சனங்கள் கிழக்குக் கடற்கரையின் ஒடுங்கிய மணல் துண்டுக்குள் தள்ளப்பட்டார்கள். மிஞ்சியவர்களில் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் அந்த ஆண்டில் முள்ளுக்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். போர் முடிந்தபின் சுண்டிக்குளத்தில் இராணுவம் உல்லாச விடுதி நடத்தியது. 2015இல் அந்தச் சரணாலயம் தேசியப் பூங்காவாயிற்று. பறவைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அங்கே தூரநோக்கியோடு நிற்கிற உல்லாசப் பயணியின் குறிப்புப் புத்தகத்தில் பூநாரை மட்டும் இருந்தால், அது எந்தக் கட்டுரையின் தொடர்ச்சி என்று நமக்குத் தெரியும்.

*

இனி நமது மணித்தியாலங்களைப் பற்றி. நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்று வைத்தால் 850 மணித்தியாலம் சேர இரண்டு வருடத்துக்கு மேல் எடுக்கும். அகதி வழக்கின் முடிவுக்காக அதைவிட அதிக காலம் காத்திருந்தவர்கள் இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களில் எத்தனையோ பேர். ஓர் அறையில் நாலு கட்டில். வேலை செய்ய அனுமதியில்லை, மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதியில்லை. அந்த வருடங்களை நம்மவர்கள் வீணாய்ப்போன காலம் என்றுதான் சொல்வார்கள். குடியில் போனவர்களும் உண்டு, தண்டவாளத்தில் போனவர்களும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. காத்திருப்பு ஒரு தண்டனை. அது தண்டனையாகவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் அதே அறைகளில்தான் 1980களின் பிற்பகுதியில் புகலிடச் சஞ்சிகைகளும் பிறந்தன. ஜேர்மனியில் தூண்டில், நோர்வேயில் சுவடுகள், சுவிஸில் மனிதம் என்று எத்தனை பெயர்கள். கையால் எழுதியும் தட்டச்சுச் செய்தும் போட்டோக் கொப்பி எடுத்தும், கோப்பை கழுவிய காசில் முத்திரை ஒட்டி அனுப்பப்பட்டவை அன்றைய பல இதழ்கள். எழுதியவர்களில் பலர் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். தமது ஊரைப் பற்றியும் தம்மைத் துரத்திய துவக்குகளைப் பற்றியும், அரச துவக்கு, இயக்கத் துவக்கு என்ற வேறுபாடில்லாமல், எழுதினார்கள். தாம் வந்து சேர்ந்த நாட்டில் அடைக்கப்பட்ட முகாமைப் பற்றியும் எழுதினார்கள். அந்த இதழ்களைப் புரட்டுகிறபோது, அவர்களும் தமது 850 மணித்தியாலத்தைத் தமதாக்கியிருக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. பெரிய தலைவர்களின் அறிக்கைகளைவிட அந்தக் குறிப்புகள் இன்று பயன்படுகின்றன. எந்த ஆண்டில், எந்த ஊரில், எத்தனை பேர் ஓர் அறையில் இருந்தார்கள், கூப்பன் எத்தனை மார்க்குக்கு இருந்தது என்பதை அவைதான் சொல்கின்றன.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது சிறிய விடயம். வசந்தகாலத்தில் பின்வளவிலோ பல்கனியிலோ வேலைத்தலத்துக் குப்பைத் தொட்டியருகிலோ ஒரு கூடு கண்ணில் பட்டால், ஒரு கொப்பியை எடுத்துத் திகதி போட்டு எழுதுங்கள். எந்த நாளில் முட்டை, எந்த நாளில் பொரித்தது, எத்தனை பறந்தது. பிள்ளைகளையும் எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பறவையின் பெயர் டொச்சில் அல்லது பிரெஞ்சில் தெரியும். தமிழில் என்ன சொல்லலாம் என்று அவர்களோடு இருந்து யோசியுங்கள். அந்தக் கொப்பியின் அதே பக்கத்தில், அன்றைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை, கையில் என்ன விசா, அது எத்தனை மாதத்துக்கு, பக்கத்து அறையில் இருந்தவரை எந்தத் திகதியில் பொலிஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது என்பதையும் எழுதுங்கள். கூடு ஒரு கொப்பியிலும் வேலி இன்னொரு கொப்பியிலும் இருக்க வேண்டாம்.